ஒரு பிளேன்டி நேரத்துச் செஸ்

எனக்குச் செஸ் ஆடத் தெரியாது. குதிரை கோணலாகத் தாவும் என்பது தெரியும். எந்தக் கோணல் என்று கேட்டால் தெரியாது. இருந்தாலும் கண்டி டவுனில் செஸ்ஸினால் பெயரெடுத்த ஆள் யார் என்று கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்படுகிற தெம்பு இப்போதெல்லாம் காலையில் கொஞ்சம் இருக்கும், பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். இதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது, அதனால் சொல்கிறேன்.

பழைய கொம்பியூட்டர் வாங்கித் திருத்தி விற்பது என் தொழில். மார்க்கட்டுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் கடை. பள்ளிக்கூடத்தில் நான் இருந்த காலம் சொற்பம். மஹய்யாவையில் எங்கள் வீட்டில் சாப்பிடுகிற வாய்கள் அதிகம். கணக்கு வாத்தியார் பின்னம் சொல்லித்தரத் தொடங்கிய மாதத்தில் என்னைத் தையல் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே காஜா எடுத்தேன். சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டைக்கு ஓரம் கட்டுகிற வேலை அது. அங்கிருந்து ரேடியோ திருத்தும் கடை, ரேடியோவிலிருந்து டிவி. டிவியிலிருந்து கொம்பியூட்டருக்கு என்னை யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப் போகவில்லை. நானாகவே போனேன். இங்கிலீஷ் புத்தகத்தைப் படம் பார்த்தே முடித்தவன் நான். பேராதனையில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு என் கடைப் பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் கதிரை போட்டதில்லை. பெஞ்சுதான்.

செஸ் வந்த விதம் இதுதான். அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து வருகிற பழைய பெட்டிகளுக்கு நெற்றியில் ஒன்று எழுதியிருக்கும், வயிற்றில் வேறொன்று இருக்கும். புரோசசரின் முதுகில் இருக்கிற எழுத்தைச் சுரண்டிவிட்டுப் பெரிய எழுத்தாக அடித்துத் தருகிற கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். நானும் ஏமாந்தேன். ஒரு நாள், திருத்தக் கொடுத்த மெஷினை எடுத்துப்போக வந்த ஒருவர், சரியாக ஓடுகிறதா பார்ப்போம் என்று ஒரு செஸ் புரோகிராமைப் போட்டுவிட்டார். திரையின் மூலையில் ஓர் எண் துள்ளிக்கொண்டிருந்தது. என்ன அது என்று கேட்டேன். ஒரு செக்கனுக்குள் மெஷின் எத்தனை நிலைகளை யோசித்துப் பார்க்கிறது என்ற கணக்கு என்றார். நிலை என்றால், இந்தக் காயை இங்கே வைத்தால் பலகை எப்படி இருக்கும், அங்கே வைத்தால் எப்படி இருக்கும் என்பது.

எனக்கு அந்த இடத்திலேயே பொறி தட்டியது. நெற்றியில் எழுதியதை யாரும் மாற்றலாம். யோசிக்கிற வேகத்தை எப்படி மாற்றுவது?

அன்றிலிருந்து என் கடைக்குள் வந்த எந்த மெஷினும் செஸ் யோசிக்காமல் வெளியே போனதில்லை. அந்தப் புரோகிராமை வாங்கி வைத்துக்கொண்டேன். முதலில் சீடியில் இருந்தது, பிறகு பென் டிரைவில். எல்லா மெஷினுக்கும் அதே புரோகிராம். ஓட விட்டுவிட்டுக் கேத்தலில் தண்ணீர் வைப்பேன். தண்ணீர் கொதித்து, பால் விடாத பிளேன்டி ஊற்றி, சீனி கலக்கி முதல் வாய் குடித்த பிறகுதான் எண்ணைப் பார்ப்பேன். ஏனென்றால் தொடக்கத்தில் எல்லா மெஷினும் வீரன்தான். கடுகண்ணாவை ஏற்றத்துக்குக் கீழே நிற்கிற பஸ்களைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் உறுமும். மேலே வந்து சேருகிறபோது தெரியும் எது பஸ், எது தகரம் என்று. சூடேறினால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் குறைந்த வேகம்தான் அதன் உண்மையான வேகம். அந்த எண்ணை ஆஸ்பத்திரி பிளாஸ்டரில் எழுதிப் பெட்டியின் விலாவில் ஒட்டுவேன். கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் என் பிளாஸ்டர் ஒட்டிய மெஷின் என்றால் மறுபேச்சு இல்லை.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தேன். ஒரு மெஷினுக்கு ஒரு டெஸ்ட்தான். எண் குறைவாக வந்ததும், "கொஞ்சம் தூசி தட்டிட்டு இன்னொருக்கா பாப்போமே" என்று கெஞ்சுவார்கள். "தூசியும் மெஷின்தான்" என்று சொல்லிவிடுவேன். விற்கிறவன் தட்டாத தூசியை வாங்குகிறவனா தட்டுவான்?

இந்தச் சட்டத்தால் அதிகம் அடிபட்டவர் திகனயிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் அண்ணன்; நானா என்று கூப்பிடுவேன். அவரும் பழைய கொம்பியூட்டர், போன் எல்லாம் வாங்கி விற்கிறவர். என் வயதுதான் இருக்கும். சரக்கு ஏதாவது கைக்கு வந்தால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். என் பிளாஸ்டர் இருந்தால் சீக்கிரம் விற்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை நல்ல மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார்; உள்ளே தூசி அடைத்திருந்ததால் எண் பாதாளத்துக்குப் போய்விட்டது. எவ்வளவோ கெஞ்சினார். நான் மறு டெஸ்ட் கொடுக்கவில்லை. அந்த எண்ணையே ஒட்டி அனுப்பினேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அவர் செஸ் நன்றாக ஆடுவார். அதனால் வாய் அதிகம்.

"அண்ணன், குதிர எந்தப் பக்கம் பாயும்னு தெரியாம நீங்க செஸ்ஸுட வேகம் பாக்குறீங்க. நீந்தத் தெரியாதவன் வாவியிட ஆழம் அளக்குற மாதிரி ஈக்குது" என்பார்.

"ஆழம் அளக்கக் கயிறு போதும் நானா. நீந்துறது எதுக்கு?" என்பேன் நான்.

"கயிறோட உள்ளுக்கு விழுந்தா?"

"விழுந்தா நீங்க இருக்கீங்கல்ல."

இப்படியே வருடங்கள் போயின.

என் கயிற்றில் முதல் முடிச்சைக் கண்டுபிடித்தவள் என் மகள். அவள் கொழும்பில் ஒரு கொம்பனிக்குப் புரோகிராம் எழுதுகிறாள். வேலையெல்லாம் பெரும்பாலும் மஹய்யாவை வீட்டு முன்னறையிலிருந்துதான். அவளைப் படிக்க வைத்தது அந்தச் சந்துக் கடை. இதை அவள் மறந்ததில்லை, மறக்க நானும் விட்டதில்லை. விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், வெளியே போக வழியில்லாமல் கடையில் என்னோடு உட்கார்ந்திருந்தவள் என் பென் டிரைவைக் குடைந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பா, இந்தப் புரோகிராம எந்தக் கொம்பைலர்ல செஞ்சதுன்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லை. "பழசுதான், ஆனா நல்லது" என்றேன்.

அவள் விளக்கினாள். மனிதன் எழுதுகிற புரோகிராம் ஒரு பாஷை, மெஷினுக்கு விளங்குவது இன்னொரு பாஷை. ஒன்றை மற்றதாக மாற்றித் தருவதுதான் கொம்பைலர். என்னிடம் இருந்தது, எந்தக் காலத்து மெஷினிலும் ஓடட்டும் என்று யாரோ எப்போதோ மாற்றி வைத்த ஒன்று. புது மெஷின்களில் புதுப் புது வித்தைகள் இருக்கின்றன. இந்தப் புரோகிராம் அவை எதையும் தொடாது.

"ரெடிமேட் சட்டை மாதிரி. எல்லாருக்கும் நுழையும். ஒருத்தருக்கும் பொருந்தாது."

சட்டையைப் பற்றி எனக்கே சொல்கிறாள்.  அவள் அதே செஸ் புரோகிராமின் எழுத்தை எங்கிருந்தோ இறக்கி, கடையில் இருந்த ஒரு மெஷினுக்கு அளவெடுத்துத் தைப்பதுபோலப் புதுக் கொம்பைலரில் போட்டு எடுத்தாள். ஓட விட்டோம். அதே பெட்டி, அதே புரோசசர், ஒரு திருகாணிகூட மாற்றவில்லை. எண் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காக ஏறியது. வேறொரு கொம்பைலரில் போட்டாள், கொஞ்சம் இறங்கியது. அடுத்த மெஷினில் அதையே போட்டால் தலைகீழ். அந்த மெஷினின் புரோசசர் வேறு கொம்பனியுடையது. முதல் கொம்பைலரில் மந்தமாக இருந்தது, இரண்டாவதில் பறந்தது. மழை நிற்கும் வரை இருவரும் மெஷின் மெஷினாக மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கேத்தல் ஆறவே இல்லை. மகளோடு நான் அவ்வளவு பேசியது அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை. பேசியது முழுக்க செக்கனுக்கு எத்தனை நிலை என்பதைத்தான்.

கடைசியில் கேட்டேன், "அப்ப நான் இவ்வளவு நாளா ஒட்டி அனுப்பின நம்பரெல்லாம்?"

"பொய் இல்லப்பா. எல்லாரையும் ஒரே சட்டையில ஓட விட்டீங்க. யாரு முந்துறான்னு அதுல தெரியும். ஒருத்தன் எவ்வளவு ஓடக்கூடியவன்னு தெரியாது, அவ்வளவுதான்."

புதுப் புரோகிராமைக் கடைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாள். மறுத்துவிட்டேன். தராசை மாற்றினால் நேற்று நிறுத்துக் கொடுத்த சரக்கெல்லாம் என்னாவது? அவள் செய்ததைப் பென் டிரைவில் ஒரு மூலையில் போட்டு வைத்தேன். கடைக்கு அதே பழைய புரோகிராம்தான்.

இனிப் பெரியவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஆபீஸ், உபயோகமில்லை என்று கழித்துப்போட்ட சேர்வர் ஒன்றிலிருந்து புரோசசரைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்து நானே கட்டிய மெஷின் அது. நான் கட்டியதிலேயே பெரியது என்பதால் பெரியவன். அவனை டெஸ்ட் போட்ட அன்று வந்த எண்ணை, அதற்குப் பிறகு என் கடைக்குள் வந்த எதுவும் தொடவில்லை. விற்கக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. கடை முகப்பில் பிள்ளையார் படத்துக்கு நேர் கீழே ஒரு பலகை அடித்து அவனை உட்கார வைத்தேன். விலாவில் பிளாஸ்டர், பிளாஸ்டருக்குப் பக்கத்தில் சந்தனம், குங்குமம். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி. படத்துக்குக் காட்டிவிட்டு அவனையும் ஒரு சுற்றுச் சுற்றுவேன். பில் எழுதுவது, பாட்டுப் போடுவது மாதிரிச் சின்ன வேலைகளுக்கு ஓடுவான். முழு வேகத்தில் மறுபடி அவனை ஓட விட்டுப் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எண்தான் விலாவில் ஒட்டியிருக்கிறதே.

கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு வசனம் வைத்திருந்தேன். "இவன முந்துற மெஷின் இந்த வாசலுக்குள்ள வந்துச்சுன்னா, அன்னைக்கே ஷட்டர இழுத்துட்டு வீட்டுல போய்ப் படுத்துருவேன்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வேலை குறைந்தது. இப்போது யார் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்? எல்லாம் போனுக்குள் இருக்கிறது. வருகிறவை மெல்லிய லெப்டொப்கள்; திறந்தால் உள்ளே எல்லாம் பசை போட்டு ஒட்டியிருக்கும், திருத்த விடாது. காலையில் ஷட்டரைத் தூக்குவதே ஒரு வேலையாகிவிட்டது. தூக்கியதும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், சந்துப் பக்கம் பார்ப்பதுபோல. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். அப்படி ஒரு நாள், ஈயம் உருக்குகிற அயர்னைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். அயர்ன் மேசையில் விழுந்து பலகை கருகிக்கொண்டிருந்தது. எனக்குச் சோறு கட்டி வந்த பாத்திரத்தை எடுத்துப்போக வந்த மகள்தான் புகையைக் கண்டு ஓடிவந்து வயரைப் பிடுங்கினாள். திகன நானாவும் ஒரு பழைய மொனிட்டரோடு அவள் பின்னாலேயே வந்து நின்றார்.

"அப்பா, கடைய மூடிருங்க."

"மேசைதானே கருகிச்சு. கடையா கருகிச்சு?"

"மேசை கருகுனப்ப நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க. அடுத்த தடவ என்ன கருகும்னு யாருக்குத் தெரியும்? எனக்கு நீங்க வேணும்ப்பா. கடை வேணாம்."

பிடுங்கிய வயரை அவள் இன்னும் கீழே போடவில்லை. அதைப் பார்த்தும் நான் விடவில்லை. எப்படி விடுவது? வீட்டில் நான் குளித்துத் துடைக்கத் துவாய் எங்கே என்று கேட்கிற ஆள். கடையில் என்னிடம் கேட்பார்கள். அந்தச் சந்து முனையைத் தாண்டினால் நான் வெறும் கிழவன். பெரியவனைக் காட்டி என் வசனத்தைச் சொன்னேன், இவனை முந்துகிற மெஷின் வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்று.

மகள் சிரிக்கவில்லை. "சரி. நான் கொண்டாறேன்" என்றாள். "ஆபீஸ்ல புது லெப்டொப் தந்திருக்காங்க. வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வாறேன். உங்க பென் டிரைவ், உங்க பழைய புரோகிராம், உங்க பிளேன்டி. ரெண்டையும் ஒண்ணா ஓட விடணும். எல்லாம் உங்க சட்டப்படி. அது முந்துச்சுன்னா கடை மூடணும். அங்கிள் சாட்சி."

நானா மொனிட்டரைக் கீழே வைத்தார். "சாட்சிக்கு நான் ரெடி மகள். இந்தக் கதைய எனக்கு எத்தின வாட்டி சென்னீப்பார்! பெரியவன் வென்டா கட அவருக்கு. ஆனா ஒன்னு, வென்டா அன்டைக்கு எனக்குக் குதிர எப்பிடிப் பாயுற என்டு அவர் வாயால செல்லணும்."

"அது ஏன்?"

"சும்மா. ஆசைக்கி."

நான் ஒப்புக்கொண்டேன். லெப்டொப்பாம். ஏற்றத்தில் பாதி வழியில் மூச்சு வாங்காத லெப்டொப்பை இன்னும் நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நானா வந்தார். மகள் லெப்டொப்பை உறையிலிருந்து உருவி மேசையில் கருகிய இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சிலேட்டு மாதிரி இருந்தது. நான் வழக்கத்தைவிட அதிகமாகத் தணல் எடுத்து, வழக்கத்தைவிட அதிகமாகச் சாம்பிராணி போட்டுப் பிள்ளையாருக்குக் காட்டினேன். பெரியவனையும் நன்றாகச் சுற்றினேன். கடை முழுவதும் புகை.

"அப்பா போதும், கண்ணு எரியுது" என்று இருமினாள் மகள்.

"லெப்டொப்புக்கும் கொஞ்சம் காட்டுங்களேன் அண்ணன்" என்றார் நானா. "பாவம், அதுவும் புள்ளதானே."

"அது யாரு பெத்த புள்ளையோ" என்றேன்.

இரண்டிலும் அதே பழைய புரோகிராமை ஒரே நேரத்தில் தொடக்கிவிட்டுக் கேத்தலைப் போட்டேன். பெரியவன் எடுத்த எடுப்பிலேயே முன்னால் போனான். லெப்டொப் அவனுக்கு எவ்வளவோ பின்னால் இருந்தது. நானா இரண்டு திரைகளுக்கும் நடுவில் நின்று கிரிக்கெட் வர்ணனை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோப்பை கழுவினேன். பார்க்க வேண்டிய நேரம் வரும்போது பார்த்தால் போதும்.

கேத்தல் முனகத் தொடங்கியபோது லெப்டொப்பின் ஃபேன் கிறீச்சிட்டது. எண் கொஞ்சம் இறங்கியது. நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் இறங்கிய இடத்தில் அப்படியே நின்றுகொண்டது. மேற்கொண்டு இறங்கவில்லை. நானாவின் வர்ணனையும் நின்றுவிட்டது. அதனால்தான் நான் திரும்பிப் பார்த்தேன்.

பெரியவன் இறங்கிக்கொண்டிருந்தான். மெல்ல, படி படியாக, முழங்கால் வலிக்காரன் மாடிப்படி இறங்குகிற மாதிரி. நான் தேயிலை போட்டபோது இரண்டும் ஒன்றாக இருந்தன. சீனி கலக்கியபோது அவன் பின்னால் இருந்தான். முதல் வாய் குடித்தேன். எண்ணைப் பார்த்தேன். விலாவில் ஒட்டியிருந்த பிளாஸ்டரில் இருந்ததற்கும் திரையில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

 சந்தில் பாண் ரொட்டி விற்கிற த்ரீவீல் ஆட்டோவின் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நானாதான் முதலில் வாயைத் திறந்தார். "மகள், நீங்க ஏதோ அளவெடுத்துத் தைச்ச சட்ட ஒன்டு ஈக்குது என்டு இவரு முந்தி சென்னாரே. அதப் போட்டுப் பாக்கலாந்தானே? இவரு கெழட்டு மனுஷனுக்கு ரெடிமேடப் போட்டு ஓட உட்டுட்டாரு."

மகள் என்னைப் பார்த்தாள். சட்டப்படி நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டினேன். அவளே பெரியவனின் புரோசசருக்கு ஏற்றபடி அந்தச் செஸ் புரோகிராமைக் கொம்பைலரில் போட்டு எடுத்து ஓட விட்டாள். எண் ஒரே பாய்ச்சலாக மேலே போனது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இரண்டு மிடறு பிளேன்டி குடிப்பதற்குள் சரிந்து விழுந்தது, முன்பு இறங்கியதைவிட வேகமாக. ஃபேன், கடுகண்ணாவையில் செகண்ட் கியரில் ஏறுகிற லொறி மாதிரிக் கத்தியது.

"புது வித்தையெல்லாம் பாவிச்சா சூடு இன்னும் கூடும்ப்பா" என்ற மகள், பெட்டியின் விலாவில் கை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தாள். "இது கொதிக்குது. எப்ப கடைசியா தொறந்தீங்க?"

 மற்றவர்கள் மெஷினையெல்லாம் திறந்திருக்கிறேன். பெரியவனைத் திறப்பதற்கு எனக்குக் காரணம் இருந்ததில்லை.

மெஷினை நிறுத்திவிட்டுத் திருகாணிகளைக் கழற்றி விலாத் தகட்டை எடுத்தாள். குப்பென்று ஒரு வாசம் வந்தது. கோயில் கர்ப்பக்கிருகத்துக்குள் தலையை நீட்டினால் வருகிற வாசம். புரோசசரின் சூட்டை வெளியே தள்ளுவதற்காக மேலே பொருத்தியிருக்கிற அலுமினியத் தகடுகள் ஒன்றும் தெரியவில்லை. தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி ஒன்று அடைத்திருந்தது. விரலால் தொட்டேன்; கரிய பிசின், சாம்பல், தூசி எல்லாம் சேர்ந்து ஒட்டியது. ஒவ்வொரு வெள்ளியும் நான் சுற்றிக் காட்டிய புகையை அவனுடைய ஃபேன் விசுவாசமாக உள்ளே இழுத்து வைத்திருந்தது. கடையில் வேறெந்த மெஷினுக்கும் இந்தக் கதி இல்லை. அவற்றுக்கு நான் சாம்பிராணி காட்டவில்லை.

நானா குனிந்து பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அண்ணன்" என்றார். "பிளோவர எடுங்க. தட்டிப் போட்டு இன்னொரு டெஸ்ட் போடுவம்."

"ஒரு மெஷினுக்கு ஒரு டெஸ்ட்."

"அது எங்களுக்கு நீங்க போட்ட சட்டம். எனக்குத் தராத சான்ஸ நான் ஒங்களுக்குத் தாரேன். சாட்சி நான்தானே."

"ஆமாப்பா" என்றாள் மகள். "இது சரியான போட்டி இல்ல. எனக்கு இப்பிடி ஜெயிக்க வேணாம். சுத்தம் பண்ணிட்டுத் திரும்பப் போடுவோம். அப்பவும் தோத்தா மூடுவோம். ஜெயிச்சா நான் இனி வாயே தொறக்க மாட்டேன்."

அவளுக்குக் கடை மூடுவது எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்படியும் இதைச் சொன்னாள். என் பிள்ளை. நான் வளர்த்த விதம் அப்படி.

பிளோவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தூரிகை அலுமாரி மேல் தட்டில். பிசின் என்பதால் ஊதினால் மட்டும் போகாது. தகட்டைக் கழற்றி, ஸ்பிரிட் போட்டு, ஒவ்வோர் இடுக்காகச் சுரண்டி, புதுப் பசை தடவிப் பொருத்த வேண்டும். என் வாழ்நாளில் எத்தனையோ செய்த வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். செய்து முடித்தால் பெரியவன் முந்துவான். சந்தேகமே இல்லை, அந்த லெப்டொப்பை அவன் ஏற்றத்தின் முதல் வளைவிலேயே விட்டுவிட்டுப் போவான். அவனைக் கட்டியவன் நான், எனக்குத் தெரியாதா?

முந்திவிடுவான். அதற்கு அடுத்த நாள் காலையில் நான் வந்து ஷட்டரைத் தூக்க வேண்டும். அதற்கு அடுத்த நாளும்.

கதிரையில் உட்கார்ந்தேன். பிளேன்டி ஆறியிருந்தது. மிச்சத்தையும் குடித்தேன்.

"தூசியும் மெஷின்தான்" என்றேன். "ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? தகட்ட மூடு."

"அப்பா, கோவமா?"

"கோவமில்ல. களைப்பா இருக்கு. மூடு."

 அவள் ஒவ்வொரு திருகாணியாக, நான் முடுக்குகிற மாதிரியே எதிரெதிர் மூலையாக முடுக்கினாள். நானா கோப்பைகளை எடுத்துப்போய்க் கழுவினார். என் கடையில் அவர் கோப்பை கழுவியது அதுதான் முதல்முறை.

பெரியவனின் விலாவிலிருந்த பிளாஸ்டரை நான் உரிக்கவில்லை. உரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த எண் அவன் நிஜமாக ஓடிய எண். இன்று வந்ததை மகள் வேறொரு பிளாஸ்டரில் எழுதி, எழுதிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் விரலில் ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள். வாங்கி அதற்குக் கீழேயே ஒட்டினேன். சட்டம் சட்டம்தான்.

மற்றச் சாமான்களைப் பிறகு மகளும் நானாவும் பார்த்துக்கொள்வார்கள். அன்று பிள்ளையார் படத்தையும் பெரியவனையும் மட்டும் எடுத்தோம். ஷட்டரை இழுக்க மகள் கையை நீட்டினாள். "விடு, தொறந்தவன் நான்" என்று சொல்லி இழுத்தேன். பாதியில் சிக்கியது. எப்போதும் சிக்குகிற இடம்தான். முன்பெல்லாம் ஒரு கையால் தட்டுவேன், விழுந்துவிடும். இரண்டு கையாலும் தொங்கினேன், அசையவில்லை. நானா வந்து என் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளைப் போட்டார். இருவரும் சேர்ந்து தொங்கியதில் விழுந்தது.

"அப்ப, குதிர எப்பிடிப் பாயுற என்டு செல்ல வேண்டியதில்ல" என்றார், மூச்சு வாங்கியபடி. "தப்பிச்சீங்க."

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு."

"தெரியும் அண்ணன். இவ்வளவு காலமா தெரியாம ஈப்பீங்களா?"

அவரை அப்படியே நினைக்க விட்டேன்.

சந்து முனையில் த்ரீவீல் ஒன்றை நிறுத்தினோம். நான் முதலில் ஏறி உட்கார்ந்து, பெரியவனை மடியில் வைக்கச் சொன்னேன். சூடு இன்னும் முழுதாக ஆறவில்லை, தொடையில் சுட்டது. மகள் பிள்ளையார் படத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நானா வெளியில் நின்று கையசைத்துவிட்டுத் திகன பஸ்ஸுக்கு நடந்தார். மஹய்யாவைப் பக்கம் திரும்பியதும் டிரைவர் பையன் கண்ணாடியில் எங்களைப் பார்த்து மூக்கை உறிஞ்சினான்.

"சாம்பிராணி வாசம் வருது. கோயில்ல இருந்தா வாறீங்க ஐயா?"

மகள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்வதென்றால் செஸ்ஸிலிருந்து தொடங்க வேண்டும், கொம்பைலரைச் சொல்ல வேண்டும், பிளாஸ்டரைச் சொல்ல வேண்டும். எனக்கு அவ்வளவு மூச்சு இல்லை.

"ஆமா தம்பி" என்றேன். "பூச முடிஞ்சிருச்சு. மெதுவாப் போ."